ஐ.டி. டிகிரிக்கு 5 லட்சம் கடன் வாங்கலாமா?

அல்சூர்வாசி:
பெங்களூரு அல்சூரில் தையல் கடை வைத்திருக்கிறேன். தங்கை மகன் கிருஷ்ணகிரியில் பிளஸ் டூ முடித்திருக்கிறான். பி.டெக். ஐ.டி. தான் படிப்பேன் என்கிறான். தனியார் கல்லூரி ஒன்றில் மேனேஜ்மென்ட் சீட் தருவதாக ஏஜென்ட் சொல்கிறார். கையில் இருப்பது போக 5 லட்சம் கடன் வாங்க வேண்டும். தங்கை வீட்டுக்காரர் இறந்துவிட்டார், அதனால் வங்கியில் கையெழுத்து நான்தான் போடணும். கடைக்கு வரும் ஐ.டி. பிள்ளைகளில் ஒருத்தர் சேர்க்கச் சொல்கிறார், இன்னொருத்தர் வேண்டவே வேண்டாம் என்கிறார். உள்ளே இருப்பவர்கள் சொல்லுங்கள்.

பொம்மசந்திரா 2010:
வேண்டாம் அண்ணா. நான் 2010-ல் எலக்ட்ரானிக் சிட்டியில் சேர்ந்தவன். அப்போது பெரிய சர்வீஸ் கம்பெனிகளில் புதுசாகச் சேர்பவர்களுக்கு வருடம் 3 லட்சத்துக்குக் கொஞ்சம் மேலே. இன்றைக்கு அதே வேலைக்கு 3.36 லட்சம், 3.6 லட்சம். பதினைந்து வருடத்தில் ஏறியது அவ்வளவுதான். என் முதல் சம்பளத்தில் கமர்ஷியல் ஸ்ட்ரீட்டில் அம்மாவுக்கு ஒரு பவுனில் செயின் வாங்கினேன். அப்புறமும் மாச வாடகைக்குக் காசு இருந்தது. 2025 செப்டம்பரில் பவுன் 80,000-ஐத் தாண்டியது. இன்றைக்குச் சேரும் பையன் மூன்று மாசச் சம்பளத்தை அப்படியே வைத்தாலும் ஒரு பவுன் வராது. கல்லூரிக் கட்டணமும் அறை வாடகையும் மட்டும் 2010-லேயே நிற்கவில்லை.

ஓசூர் பயணி:
தொடக்கச் சம்பளத்தை மட்டும் வைத்து ஒரு படிப்பை எடை போடக்கூடாது. நான் பி.எஸ்சி. தான். 2016-ல் நைட் ஷிப்ட் சப்போர்ட் வேலையில் மாசம் 14,000-க்குச் சேர்ந்தேன். இரண்டரை வருடம் அங்கேயே இருந்து கிளவுட் (இணையம் வழியாக வாடகைக்குக் கிடைக்கும் கம்ப்யூட்டர் வசதி) கற்றுக்கொண்டு, இரண்டு கம்பெனி மாறி, இப்போது ஒரு ஜி.சி.சி.யில் இருக்கிறேன். ஜி.சி.சி. என்றால் வெளிநாட்டுக் கம்பெனி தன் வேலையைத் தானே பார்க்க இங்கே திறக்கும் அலுவலகம், அண்ணா. நாட்டில் 1,700-க்கு மேல் இருக்கின்றன, அதிகம் இருப்பது பெங்களூருவில். வருடம் 16 லட்சம் வாங்குகிறேன். எங்கள் வீட்டில் வேறு எந்தப் படிப்பும் பத்து வருடத்தில் இதைக் கொடுத்திருக்காது. எனக்குக் கீழே இரண்டு தம்பிகள் படித்தது இந்தச் சம்பளத்தில்தான்.

பொம்மசந்திரா 2010:
உங்கள் உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் நீங்கள் கம்பெனி தாண்டியது எந்த வருடம்? 2021, 22 என்றால் அது தனிக் காலம். 2022 மார்ச்சில் இன்ஃபோசிஸில் வேலையை விட்டவர்கள் விகிதம் 27.7 சதவீதம். ஒரு கம்பெனி ஆளை இன்னொரு கம்பெனி இழுத்த நேரம் அது. இந்தப் பையன் வெளியே வரப்போவது நான்கு வருடம் கழித்து. 2025 ஜூலையில் டி.சி.எஸ். சுமார் 12,000 பேரைக் குறைப்பதாகச் சொன்னதைப் பார்த்தீர்கள். புதுசாக வந்தவர்கள் கை பழகியதே டெஸ்டிங், சின்னச் சின்னத் திருத்தம், டிக்கெட் (பதிவான புகார்) பார்ப்பது இவற்றில்தான். அந்த வேலையில்தான் ஏ.ஐ. முதலில் கை வைக்கிறது. படிக்கட்டின் கீழ்ப்படி போய்விட்டால் மேலே எப்படி ஏறுவான்?

ஓசூர் பயணி:
நான் தாண்டியது 2019-லும் 2022-லும். 2022-ல் காலம் கைகொடுத்தது உண்மைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 2019-ல் கைகொடுத்தது நான் கற்றுக்கொண்டது. கீழ்ப்படி போகவில்லை, உயரமாகிவிட்டது. எங்கள் டீமில் போன வருடம் சேர்ந்த பெண்ணிடம் இன்டர்வியூவில் ஏ.ஐ. எழுதிக்கொடுத்த புரோகிராமைக் காட்டி, தப்பு எங்கே என்று கேட்டோம். இருபது நிமிஷத்தில் கண்டுபிடித்தாள். சேலம் பக்கத்தில் பெயர் தெரியாத கல்லூரியில் படித்த பெண். இப்படிப்பட்டவர்களுக்கு இன்னும் இடம் இருக்கிறது.

முதல் வருடம்:
அக்கா, அண்ணா, இரண்டு பேரும் சொல்வது சரி. ஆனால் கையெழுத்துப் போடப்போவது தையல் கடை அண்ணா. அதனால் என் கணக்கை முழுசாக எழுதுகிறேன். ஆஃபர் லெட்டரில் 3.5 லட்சம். பன்னிரண்டால் வகுத்தால் 29,000 சொச்சம், அது கைக்கு வராது. கம்பெனி கட்டும் பி.எஃப்., கிராஜுவிட்டி, இன்சூரன்ஸ், வருடக் கடைசியில் வந்தாலும் வரும் வேரியபிள் எல்லாம் அந்த 3.5-க்குள்ளேதான். என் பங்கு பி.எஃப். பிடித்தம் போக வங்கியில் விழுவது 23,400. நீலாத்ரி ரோட்டில் மூன்று பேர் அறையில் பி.ஜி. விடுதி 9,500, சாப்பாட்டோடு. கல்விக் கடன் தவணை 8,600. ஊருக்கு 3,000. மிச்சம் 2,300. போன், பஸ், சோப்பு, தலைவலி மாத்திரை எல்லாம் அதில்தான். ஞாயிற்றுக்கிழமை பி.ஜி.யில் மதியச் சாப்பாடு கிடையாது. அன்றைக்குக் காலை இட்லியை லேட்டாகச் சாப்பிட்டு இரவு வரை ஓட்டுவேன்.

இதை அழுது சொல்லவில்லை. ஆறு மணிக்கு வந்து பத்து மணிவரை படிக்கிறேன், அடுத்த வருடம் தாண்டிவிடுவேன் என்று நம்புகிறேன். ஆனால் தவணை என்னைக் கேட்காமலே 5-ம் தேதி போய்விடுகிறது. என்கூடச் சேர்ந்த ஒருத்தனுக்குக் கடன் இல்லை. அவன் வேலையை விட்டு நான்கு மாசம் வீட்டில் உட்கார்ந்து படித்து, நல்ல இடத்துக்குப் போனான். என்னால் ஒரு மாசம்கூட விட முடியாது.

ஓசூர் பயணி:
தம்பி, நான் 14,000-க்கு வேலை பார்த்தபோது எனக்குக் கடன் இல்லை. அரசுக் கல்லூரி. ஓசூரில் சித்தி வீட்டில் தங்கி பஸ்ஸில் போய் வந்தேன். இதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். ஐ.டி. படிக்கலாம் என்பதில் நான் மாறவில்லை. 5 லட்சம் கடனில் படிக்கலாமா என்றால், என்னால் ஆமாம் என்று சொல்ல முடியவில்லை.

பொம்மசந்திரா 2010:
அப்படியானால் மூன்று வருட கம்ப்யூட்டர் டிகிரி பி.சி.ஏ., அரசுக் கல்லூரியில்?

ஓசூர் பயணி:
அது மலிவுதான், ஆனால் நுழைவது கஷ்டமாகிவிட்டது. 2024 ஆகஸ்டில் மூன்று வருட டிகிரிக்காரர்களுக்கு காக்னிசன்ட் கம்பெனி வருடம் 2.52 லட்சம் என்றது பெரிய பேச்சானது. இன்ஜினியரிங்காரர்களுக்கு 4 லட்சத்திலிருந்து தொடங்கும் என்று அவர்களே விளக்கினார்கள். அந்த வித்தியாசம் வீட்டு வாடகைக்குச் சமம். இன்ஜினியரிங் சீட்டையே குறைந்த செலவில் பிடிக்கப் பாருங்கள்.

டீச்சரம்மா:
நான் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள், இப்போது மகனோடு இங்கே இருக்கிறேன். யாரும் கேட்காத ஒன்றைக் கேட்கிறேன். பையன் ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியா? அப்படியென்றால் 7.5 சதவீத ஒதுக்கீட்டில் சீட் கிடைத்தால் படிப்பு, விடுதி இரண்டுக்கும் அரசே கட்டும். இல்லையென்றால், வீட்டில் யாராவது டிகிரி முடித்திருக்கிறார்களா? முதல் பட்டதாரி என்றால் கட்டணச் சலுகை உண்டு. ஆனால் இரண்டுமே தமிழக அரசின் இன்ஜினியரிங் கவுன்சலிங் வழியாகச் சேர்ந்தால்தான். மேனேஜ்மென்ட் சீட்டில் போனால் கிடையாது. ஏஜென்ட் இதைச் சொல்லியிருக்க மாட்டார். ஐ.டி. கிடைக்காமல் இ.சி.இ. (எலக்ட்ரானிக்ஸ்) கிடைத்தால் அழவேண்டாம் என்றும் சொல்லுங்கள். கேம்பஸுக்கு வருகிற சாஃப்ட்வேர் கம்பெனிகளில் பெரும்பாலானவை இரண்டு பேரையும் ஒரே வரிசையில்தான் உட்கார வைக்கின்றன.

அல்சூர்வாசி:
எட்டாவது வரை தனியார் பள்ளிக்கூடம் அம்மா, அவன் அப்பா இருந்தபோது. அதனால் முதல் சலுகை வராது. ஆனால் எங்கள் வீட்டில் யாரும் காலேஜ் வாசலை மிதித்ததில்லை. ஏஜென்ட் 10,000 டோக்கன் கேட்டார், இன்னும் கொடுக்கவில்லை.

பொம்மசந்திரா 2010:
கொடுக்காதீர்கள். இந்தத் துறை பழைய மாதிரி இருக்கும் என்று எனக்கு இப்போதும் நம்பிக்கை வரவில்லை. ஆனால் கடன் இல்லாமலோ, ஒன்றரை லட்சத்துக்குள்ளோ முடியும் என்றால் பையனைத் தடுக்க மாட்டேன். தவணை 2,500 என்றால் அவனால் மூச்சு விட முடியும்.

அல்சூர்வாசி:
முதல் பட்டதாரி சான்றிதழுக்கு என்னென்ன கொண்டுபோகணும் டீச்சரம்மா? ரேஷன் கார்டும் அவன் டி.சி.யும் தங்கையிடம் இருக்கின்றன. நாளைக்குக் கடையை அடைத்துவிட்டு சாந்திநகரில் காலை முதல் பஸ் ஏறுகிறேன்.