மீன் இல்லாத ஒடியற் கூழுக்குக் கனதி எப்படி வரும்? இணுவிலிலிருந்து நாங்கள் இருவர்

எழுதியவர்: இணுவில் அடுப்படி

வணக்கம் உறவுகளே. நாங்கள் யாழ்ப்பாணத்து இணுவிலில் இருப்பவர்கள், இங்கே புதியவர்கள். எனக்கு 52 வயது, பாடசாலையில் கணிதம் கற்பிக்கிறேன். என் கணவர் இவருக்கு 56, தோட்டங்களுக்கு நீர் இறைக்கும் இயந்திரங்களைத் திருத்துகிறார். மகள் பேராதனையில் படிக்கிறாள், மகன் வெளிநாட்டில். வீட்டில் நாங்கள் இருவரும் என் அம்மாவும். எங்கள் ஊர்த் தோட்டக்காரர்கள் இயந்திரம் திருத்திய கூலியோடு ஒரு பை கத்தரிக்காயோ மரவள்ளிக் கிழங்கோ கொடுக்காமல் இவரை அனுப்புவதில்லை. பெரும்பாலான நாட்களில் எங்கள் இரவுச் சமையல் அந்தப் பையிலிருந்துதான் தொடங்குகிறது.

இவர் எனக்கு ஒத்தாசை செய்வதாக அயலவர்கள் நினைக்கிறார்கள். ஆனால் எனக்கு முன்பே அடுப்பு மூட்டியவர் இவர். சொந்த ஊர் மாதகல். பெண் சகோதரங்கள் இல்லை. தாயாருக்கு இழுப்பு நோய், புகை ஆகாது. 1995 ஒக்டோபர் கடைசியில் போரால் எங்கள் வலிகாமப் பகுதியே தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்தபோது, கொடிகாமம் பக்கம் ஒரு வளவில் மூன்று கல் வைத்து, அங்கிருந்த தங்கள் உறவினர் அத்தனை பேருக்கும் இவர்தான் சமைத்தார். அரிசியும் பருப்பும் மரவள்ளியும் கைக்குக் கிடைத்த கீரையும் ஒரே சட்டியில். இன்றும் எந்தக் கறியை இறக்கினாலும் முதலில் மற்றவர்களுக்குப் போட்டுவிட்டுத்தான் தன் கோப்பையை எடுப்பார். அந்தப் பழக்கம் அங்கே வந்தது என்று நினைக்கிறேன்.

நான் பிறந்தது மரக்கறி வீட்டில். அம்மா சைவ தீட்சை பெற்றவர், மீன் இறைச்சி எந்த மச்சமும் தொடமாட்டார். திருமணமாகி இவர் எங்கள் வீட்டுக்கு வந்தபோது மாமரத்தின் கீழே தனக்கென ஓர் அடுப்பு போட்டுக்கொண்டார். மச்சச் சட்டிகள் அங்கேதான், உள்ளே வராது. 2022இல் எரிவாயு கிடைக்காமல் நாடே வரிசையில் நின்றபோது உள் சமையலும் அந்த மரத்தடிக்கு வந்தது. பக்கத்தில் புதிதாக இன்னோர் அடுப்பு போட்டு, சட்டிகளைத் தனித்தனியே வைத்து, அம்மா வாங்கில் இருந்து பார்த்துக்கொண்டிருக்க நாங்கள் இருவரும் சமைத்தோம்.

வேலையைப் பிரித்துத்தான் செய்வோம். பிட்டுக்கு மா குழைத்துக் கொத்துவதும், சம்பல் இடிப்பதும், இடியப்பம் பிழிவதும் நான். வறுப்பதும் பொரிப்பதும் தீயைப் பார்ப்பதும் இவர். கறித்தூளுக்கு செத்தல் மிளகாய் ஒரு கிலோ, மல்லி ஒரு கிலோ, மிளகு, நற்சீரகம், பெருஞ்சீரகம் ஒவ்வொன்றும் 200 கிராம், வெந்தயம் 100 கிராம், மஞ்சளும் கறிவேப்பிலையும். ஒவ்வொன்றையும் தனித்தனியே வறுத்து, ஆறவிட்டு, மருதனார்மடத்தில் அரைப்பிக்கிறோம். மல்லியை நன்றாகக் கறுக்க வறுக்க வேண்டும் என்பார் இவர். அதற்கு நான் சம்மதம். வெந்தயத்தையும் அதே அளவுக்கு வறுக்க நான் விடுவதில்லை. கருகிய வெந்தயம் ஒரு மாதத்துக் கறியையும் கசக்கச் செய்துவிடும்.

இனிக் கேள்விக்கு வருகிறேன். மாதகல் உறவினர் வரும்போது, காயவைத்த பனங்கிழங்கின் மாவில் இவர் வைக்கும் ஒடியற் கூழுக்கு நிகர் இல்லை. பாரைத் தலை, திருக்கை, நண்டு, இறால், அவற்றோடு பலாக்கொட்டை, பயிற்றங்காய், மரவள்ளி, முருங்கையிலை, அரைத்த செத்தல் மிளகாய், பழப்புளி. பலா இலையைக் கோலிக் குடிப்போம். நல்லூர்க் கந்தன் கோயிலில் திருவிழாக் கொடி ஏறினால் 25 நாளும் எங்கள் வீடு முழுவதும் சைவம். அந்த நாட்களில்தான் எல்லோரும் ஒரே சட்டியிலிருந்து உண்கிறோம். அப்போது அம்மாவுக்கும் சேர்த்துக் கூழ் வைக்க வேண்டும் என்பது இவருடைய ஆசை. ‘மாமி ஒருநாளும் என் கூழைக் குடித்ததில்லை’ என்று வருந்துகிறார்.

மீனை நீக்கிவிட்டு மற்றவற்றை அப்படியே போட்டால் உறைப்பும் புளிப்பும் மேலே நிற்கின்றன, அடியில் ஒன்றும் இல்லை. தண்ணீராகவும் இருக்கிறது. எட்டுப் பேருக்கு ஒடியல் மா 250 கிராம் போடுகிறோம். ஒரு மணி நேரம் ஊறவைத்து வடிக்கிறோம். மாவைக் கூட்டினால் கசப்பும் கூடுகிறது. மச்சக் கூழில் ஏதோ குறைந்ததுபோல அல்லாமல், தன்னளவில் நிறைந்த ஒரு சைவக் கூழ் வேண்டும். உங்கள் வீடுகளில் எப்படிச் செய்கிறீர்கள்?

---

பாசையூர் மகள்:

அக்கா, அண்ணாவின் அடுப்புக்கு என் வணக்கம். நாங்கள் கடற்கரையில் இருப்பவர்கள். சைவக் கூழ் எனக்குத் தெரியாது. ஆனால் மச்சக் கூழில் கனதி எங்கிருந்து வருகிறது என்று சொல்ல முடியும். மீன் தலையிலும் திருக்கையின் முள்ளிலும் உள்ள பசை கொதித்து இறங்குகிறது. நண்டு ஓடும் இறால் தலையும் இனிப்புக் கலந்த ஒரு சாற்றை விடுகின்றன. அந்த இனிப்புத்தான் புளியையும் மிளகாயையும் தாங்கிப் பிடிக்கிறது. ஆகவே உங்களுக்குப் பசைக்கு ஒன்றும் இனிப்புக்கு ஒன்றுமாக இரண்டு பொருள் வேண்டும். ஒரே பொருளில் இரண்டையும் தேடினால் கிடைக்காது.

அண்ணா மாமிக்காக யோசிப்பது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

---

ரொறன்ரோ மருமகள்:

வணக்கம் அக்கா. இங்கே பனியில் கூழ் வைப்பதே எங்களுக்குத் திருவிழா. ஒடியல் மா தமிழ்க் கடைகளில் பைகளில் கிடைக்கிறது, பலாக்கொட்டை உறைய வைத்ததாகக் கிடைக்கிறது. என் மாமியாரும் மச்சம் தொடாதவர். சீனக் கடைகளில் காய்ந்த ஷிடாக்கே காளான் விற்கிறார்கள். அதை வெந்நீரில் ஊறவைத்து, அந்த நீரிலேயே கூழைத் தொடங்குவேன். சீனரும் ஜப்பானியரும் தங்கள் மரக்கறிச் சாறுகளுக்கு அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். நல்ல ஆழமான சுவை. ஊறிய காளானையும் நறுக்கிப் போடலாம். கொஞ்சம் இஞ்சி தட்டிப் போட்டால் மணம் இன்னும் நன்றாக இருக்கும்.

அங்கே சிப்பிக் காளான் கிடைத்தால் தணலில் வாட்டிப் போட்டுப் பாருங்கள்.

---

கரவெட்டிப் பெரியவர்:

பிள்ளை, நல்ல கேள்வி கேட்டிருக்கிறீர்கள். என் வாழ்க்கையில் பாதி நாள் சைவக் கூழ் குடித்தவன் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

முதலில் ஒரு சொல், ரொறன்ரோப் பிள்ளைக்கு: மரவள்ளி சேர்ந்த சட்டியில் இஞ்சி போடக் கூடாது. எங்கள் வீடுகளில் அது கண்டிப்பான வழக்கம். இணுவில் அம்மாவும் இதையே சொல்வார். காளானும் தீட்சை பெற்ற பலர் உண்பதில்லை. கேட்டுவிட்டுப் போடுங்கள்.

இனி மா. ஒரு மணி நேரம் போதாது. முதல்நாள் இரவே அகன்ற பாத்திரத்தில் நிறைய நீர் விட்டுக் கரைத்து வையுங்கள். மா அடியில் படியும், கசப்பு நீரோடு மேலே நிற்கும். காலையில் அந்த நீரைக் கொட்டிவிட்டுப் புது நீர் விட்டு இன்னொரு முறை படியவிட்டு வடியுங்கள். அப்படிச் செய்தால் 250 கிராமை 350 ஆக்கினாலும் கசக்காது. பச்சைக் கிழங்கைக் கிழித்துக் காயவைத்த ஒடியலின் மாதான் கூழுக்கு. அவித்துக் காயவைத்த புழுக்கொடியலை இடித்தால் அது வேறு பண்டம். தேங்காய்ப்பூவும் பனங்கட்டியும் சேர்த்துத் தின்ன நன்றாக இருக்கும், கூழுக்கு உதவாது. சந்தையில் சிலர் இரண்டையும் கலந்து தருகிறார்கள். யாழ்ப்பாணத்தில் பனை அபிவிருத்திச் சபையின் கற்பகம் விற்பனை நிலையத்தில் கேட்டுப் பாருங்கள்; அல்லது தை மாதத்தில் கிழங்கு கிண்டும்போது நீங்களே காயவைத்து இடித்து வையுங்கள். உங்கள் வீட்டுக்காரர் போன்றவருக்கு அது பெரிய வேலை அல்ல.

பாசையூர்ப் பிள்ளை சொன்னது சரி. பசைக்குச் சிவப்பு அரிசி ஒரு கைப்பிடி. அதை எல்லாவற்றுக்கும் முன் போட்டுக் குழைய விட வேண்டும். மரவள்ளியில் பாதியைத் துண்டாக விட்டு, பாதியை அகப்பையால் மசியுங்கள். பலாக்கொட்டையிலும் கொஞ்சத்தை அவித்து அம்மியில் வைத்து நசுக்கிச் சேருங்கள். இனிப்புக்கு ஈரப்பலாக்காயும் பிஞ்சுப் பயிற்றங்காயும். வறுத்த பயறு சிலர் போடுவார்கள், எனக்கு அது ஆடிக் கூழின் மணத்தைக் கொண்டுவந்துவிடும், பிடிக்காது. மிளகாயை வறுக்காமல், வெந்நீரில் ஊறவைத்து அம்மியில் அரையுங்கள். புளியை விட்டுக் கொதித்த பின்புதான் மாவைக் கரைத்து ஊற்ற வேண்டும். ஊற்றியதும் தீயைத் தணித்து, அடிப்பிடிக்காமல் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். முருங்கையிலை கடைசியில்.

இதற்கெல்லாம் மேல் ஒன்று இருக்கிறது. என் தாயார் கத்தரிக்காயைப் பெரிய துண்டாக வெட்டி, நல்லெண்ணெயில் கறுக்கப் பொரித்துச் சேர்ப்பார். மீன் துண்டின் இடத்தில் அதுதான் இருக்கும். அந்தப் பொரித்த எண்ணெயின் மணம் கூழுக்குள் இறங்கினால் நீங்கள் தேடும் அடி கிடைக்கும்.

---

இணுவில் அடுப்படி:

ஐயா, உங்கள் பதிலை இவருக்கு வாசித்துக் காட்டினேன். கத்தரிக்காய் என்றதும் எழுந்து குசினிக்குள் போய்விட்டார், நேற்று வந்த பை அங்கேதான் இருக்கிறது. அம்மாவிடம் கேட்டேன். உள்ளி சாப்பிடுவார், காளான் வேண்டாம் என்கிறார். இஞ்சி விடயத்தில் நீங்கள் சொன்னதையே அவரும் சொன்னார். ஆனாலும் ரொறன்ரோத் தங்கச்சி சொன்ன காளான் நீரை எங்கள் மகளுக்காக ஒருநாள் செய்து பார்ப்போம். விடுதியில் ஒரு சிறிய மின்னடுப்போடு சமைப்பவள், மீன் வாங்கிக் கழுவ அவளுக்கு வசதி இல்லை.

பாசையூர்த் தங்கச்சி, பசையும் இனிப்பும் தனித்தனி என்று நீங்கள் எழுதியது எங்கள் இருவருக்கும் கண் திறந்தது போல இருந்தது. இவர் அத்தனை காலம் மச்சக் கூழ் வைத்தும் அப்படிப் பிரித்து யோசித்ததில்லை என்கிறார்.

கொடியேற்றம் முடிந்து வரும் சனிக்கிழமை வைக்கப் போகிறோம். மாவை வெள்ளி இரவே நனைத்துவிடுவேன். ஐயாவிடம் இன்னும் ஒன்று கேட்க வேண்டும். பொரித்த கத்தரிக்காயை எப்போது சேர்ப்பது? மாவுக்கு முன் போட்டால் கரைந்துவிடும் என்று நான் சொல்கிறேன். கொஞ்சமாவது கொதித்தால்தான் எண்ணெய் இறங்கும் என்கிறார் இவர்.

---

கரவெட்டிப் பெரியவர்:

இருவர் சொல்வதும் சரி, பிள்ளை. மா வெந்து கூழ் தடித்த பிறகு, முருங்கையிலையோடு சேர்த்துப் போடுங்கள். இரண்டு கொதி வந்ததும் இறக்கிவிடுங்கள். துண்டு உடையாது, எண்ணெயும் இறங்கும். பொரித்த எண்ணெயில் மிஞ்சியதை ஒரு கரண்டி மேலே விட மறக்க வேண்டாம். முருங்கையிலைதான் என்று இல்லை, முசுமுசுக்கை கிடைத்தால் அதிலும் ஒரு பிடி கிள்ளிப் போடுங்கள். அம்மாவுக்குப் பலா இலையில் சூடு தாங்காது. கிண்ணத்தில் ஆற்றிக் கொடுங்கள்.