செருப்பைக் கழற்றச் சொன்ன மருத்துவர்

திருவையாற்றுக்கு அருகே எங்கள் ஊரில் என் தம்பி மகன் பிறந்தபோதே, அவனுடைய இரண்டு கால் பெருவிரல்களும் குட்டையாக, மற்ற விரல்களின் பக்கம் சாய்ந்திருந்தன. வளர வளரச் சரியாகிவிடும் என்று எல்லோரும் சொன்னோம்; நானும் சொன்னேன்.

ஆறு வயதில் குடமுருட்டிப் படித்துறையில் வழுக்கி விழுந்தான். சில நாட்களில் தோள்பட்டைக்குக் கீழே எலுமிச்சம்பழ அளவில் வீங்கி, தொட்டால் சுட்டது. சுளுக்கென்று எண்ணி, சுளுக்கு வழிக்கும் பெரியவரிடம் மூன்று நாள் எண்ணெய் தேய்த்து உருவிவிட்டோம். வீக்கம் வற்றாமல் இறுகியது. "அத்தை, முதுகுல கல்லு இருக்கு" என்று என் கையைப் பிடித்து அவன் வைத்துக் காட்டிய இடத்தில் எலும்புதான் இருந்தது. புற்றுக்கட்டியோ என்ற ஐயத்தில் ஒரு மருத்துவமனையில் அங்கே சதையை வெட்டிப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். அதன்பின் வெட்டிய இடத்தைச் சுற்றியும் எலும்பு பரவி, வலது கையைத் தலைக்கு மேல் தூக்க முடியாமல் போயிற்று.

பிறகு தஞ்சாவூரில் பார்த்த மருத்துவர், எக்ஸ்ரே உறையைப் பிரிக்கும் முன்பே அவன் செருப்பைக் கழற்றச் சொன்னார். விரல்களைப் பார்த்துவிட்டு, "இனி கத்தியும் வேண்டாம், தசையில் ஊசியும் வேண்டாம்" என்றார்.

நோயின் பெயர் ஃபைப்ரோடிஸ்பிளேசியா ஆசிஃபிகன்ஸ் புரோகிரசிவா. ஏறத்தாழப் பத்து லட்சம் பேரில் ஒருவருக்கு வருவது. ஏசிவிஆர்1 மரபணுவில் நேரும் மாற்றமே காரணம் என்பதைப் பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2006இல் கண்டறிந்தார்கள். அடிபட்ட தசையும் தசைநாரும் ஆறுவதற்குப் பதில் எலும்பாகிவிடுகின்றன. இதயமும் நாக்கும் தப்பிவிடுகின்றன. பெரும்பாலும் பெற்றோரிடம் இல்லாமல் பிள்ளையிடம் புதிதாகத் தோன்றும் மாற்றம் இது என்று அவர் விளக்கிய பிறகுதான், யார் வழியில் வந்தது என்று தம்பி மனைவியைத் துளைத்துக்கொண்டிருந்த உறவினர்களின் வாய் அடங்கியது. அந்தக் கேள்விகளை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

புது எலும்பு உருவாவதைக் குறைக்கும் பலோவரோட்டீன் மருந்துக்கு 2023இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஆனால் அது உயர வளர்ச்சியை முன்கூட்டியே நிறுத்திவிடக்கூடும் என்பதால், பத்து வயது நிறையாத ஆண்பிள்ளைகளுக்கு அங்கே அனுமதியில்லை. இவனுக்கு இப்போது ஒன்பது.

சுளுக்கு வழிக்கும் பெரியவரிடமும் எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னேன். இப்போது யார் குழந்தையைத் தூக்கி வந்தாலும், எண்ணெய்க் கிண்ணத்தைத் தொடும் முன் அவர் கால் விரல்களைப் பார்க்கிறார்.