ஆறேழு பேர் குழுவுக்குக் கோப்புப் பரிமாற்ற சர்வர்: உங்கள் அனுபவம் என்ன?

சிற்றிதழ் அன்பர்:
பழைய சிற்றிதழ்களை ஸ்கேன் செய்து சேர்க்கும் எங்கள் ஆறு பேருக்காக எஃப்டிபி (கோப்புகளை அனுப்பிப் பெறும் பழைய முறை) சர்வரை நிறுவியவன் நான்தான். சென்ற தை மாதம் நண்பர் ஒருவர் என் மடிக்கணினியிலேயே, நெட்வொர்க்கில் போகும் தரவைப் படித்துக் காட்டும் வயர்ஷார்க்கை ஓடவிட்டு, வழக்கம்போல் உள்நுழையச் சொன்னார். ‘பாஸ்’ என்ற கட்டளையும், அதன் பக்கத்திலேயே என் கடவுச்சொல்லும் ஓர் எழுத்துகூடப் பிசகாமல் திரையில் வந்து நின்றன. என் மகளின் பெயரும் பிறந்த ஆண்டும் சேர்ந்த சொல் அது. மின்னஞ்சலுக்கும் அதையே வைத்திருந்தேன். அன்றிரவே ஃபைல்ஜில்லா சர்வருக்கு மாறி, டிஎல்எஸ் என்ற மறையாக்கம் இல்லாத இணைப்பை ஏற்காதபடி அமைத்துவிட்டேன். இருந்தும் அந்த வரி இன்னும் கண்ணை விட்டு அகலவில்லை.

நொய்யல்கரை:
நண்பரே, டிஎல்எஸ் இட்டும் எங்கள் குழுவில் உள்நுழைவு நடந்ததே தவிர, கோப்புப் பட்டியல் வரவில்லை. எஃப்டிபிஎஸ், அதாவது டிஎல்எஸ் சேர்ந்த எஃப்டிபி, கட்டளைகளுக்கு 21ஆம் போர்ட்டையும் (இணைப்பு நுழையும் எண்ணிட்ட வாசல்) தரவுக்குத் தனியாக ஒரு போர்ட் வரிசையையும் கேட்கும். ரவுட்டரில் நான் அந்த வரிசையைத் திறந்திருக்கவில்லை. ஓபன்எஸ்எஸ்ஹெச் மென்பொருள் தரும் எஸ்எஃப்டிபி என்ற மறையாக்கப்பட்ட வேறு முறைக்கு 22ஆம் போர்ட் ஒன்றே போதும் என்பதால் அதற்கே மாறினேன். அங்கும் ஒரு மாலைப் பொழுது போயிற்று: ஒவ்வொருவரும் தம் ஃபோல்டரைத் தாண்டாதபடி பூட்டிவிட்டு, அந்த ஃபோல்டரை அவரவர் பெயருக்கே உரிமையாக்கியிருந்தேன், கடவுச்சொல் ஏற்கப்பட்ட மறுநொடியே இணைப்பு அறுந்தது. பூட்டும் ஃபோல்டர் ரூட் என்ற தலைமை நிர்வாகக் கணக்குக்குச் சொந்தமாகவும் பிறர் எழுத முடியாததாகவும் இருக்க வேண்டும்; உறுப்பினர் எழுதுவதற்கு அதற்குள் இன்னொரு ஃபோல்டர் வேண்டும்.

இரவுப்பணி:
போர்ட் எண்ணிக்கையை வைத்து மென்பொருளைத் தேர்வதை நான் ஏற்கவில்லை. குழுவை விட்டு விலகிய ஒருவரின் கணக்கு பதினொரு மாதம் கழித்தும் திறந்தே கிடந்ததை சர்வரின் பதிவேடான லாகில் கண்டேன். அவர் தவறேதும் செய்யவில்லை, தவறு என்னுடையது. ஆகவே கேட்காமலே சொல்கிறேன்: பொதுக் கணக்கு ஒன்றை எல்லோருக்கும் கொடுக்காதீர்கள், ஆளுக்கொரு கணக்கும் ஆளுக்கொரு சாவியும் (கடவுச்சொல்லுக்குப் பதில் பயன்படும் ரகசியக் கோப்பு) கொடுத்து, அனைவரும் சாவியால் நுழைந்து பார்த்த பிறகு கடவுச்சொல் வழியை அடைத்துவிடுங்கள். ஒருவர் விலகினால் அவருடைய சாவியை நீக்கினால் போதும், மற்றவர்கள் எதையும் மாற்ற வேண்டியதில்லை. மென்பொருளைப் பதிவிறக்கும் இடத்திலும் கவனம் வேண்டும். 2011இல் விஎஸ்எஃப்டிபிடி என்ற எஃப்டிபி சர்வர் மென்பொருளின் 2.3.4 பதிப்பை, அதன் அதிகாரபூர்வத் தளத்திலேயே யாரோ மாற்றி வைத்திருந்தார்கள். பயனர் பெயரில் சிரிப்புக் குறியை இட்டால் 6200ஆம் போர்ட்டில் ரூட் அதிகாரமே கிடைத்தது. கோப்பை யாரும் மாற்றவில்லை என்று காட்டும் டிஜிட்டல் கையொப்பத்தைச் சரிபார்த்தவர்களுக்கு அது உடனே தெரிந்திருக்கும்.

சிற்றிதழ் அன்பர்:
எங்களில் இருவர் கைப்பேசியிலிருந்தே கோப்பு அனுப்புகிறவர்கள், அதில் ஒருவருக்கு வயது எழுபத்திரண்டு. ஞாயிறன்று அவர் வீட்டுக்கே போய்ச் சாவியை உருவாக்கித் தரப் போகிறேன்.