உட்கசிவு வேறு, காற்றெடுப்பு வேறு

டிராக்டரின் டீசல் பம்பு தொடர்பான கசிவுகளுக்கு ‘உட்கசிவு’, ‘புறக்கசிவு’, ‘மீள்கசிவு’ என்ற தமிழ்ச் சொற்களைப் பரிந்துரைத்திருக்கிறார்கள். இவற்றில், பம்புக்குப் போகும் குழாயில் காற்று நுழைவதை ‘உட்கசிவு’ எனலாம் என்பதில் எனக்கு உடன்பாடில்லை. அந்தச் சொல் இன்னொரு கோளாறுக்குத் தேவை. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால், வாஷர் மாற்ற வேண்டியவர் பம்பையே கழற்றிவிடுவார்.

டிராக்டர் ஓடும்போது டாங்கிலிருந்து ஃபீட் பம்ப் (டீசலை இழுத்துத் தரும் சிறு பம்பு) வரையுள்ள குழாயில் உறிஞ்சல்தான் நடக்கிறது. அங்கே பேஞ்சோ போல்ட்டின் (குழாயை இணைக்கும் துளையுள்ள போல்ட்) செம்பு வாஷர் சரியாக உட்காரவில்லையென்றால் டீசல் சொட்டாது, காற்று உள்ளே போகும். எஞ்சின் இழுக்காது, விட்டுவிட்டு ஓடி நின்றுவிடும். டாங்க் மேலே இருக்கும் வண்டியில், எஞ்சினை அணைத்த சற்று நேரத்தில் அதே வாஷர் நனையத் தொடங்கும். ஓடும்போது மட்டும் பார்த்தால் இது கண்ணில் படாது. ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவே கண்ணாடி போன்ற ஹோஸ் ஒன்றை மாட்டிப் பாருங்கள். குமிழி ஓடுவது தெரியும். பட்டறையில் இதற்கு ‘ஏர் எடுக்குது’ என்றுதான் பேச்சு. அதையே ‘காற்றெடுப்பு’ என்று எழுதலாமே!

உட்கசிவு என்பது டீசல் எஞ்சின் ஆயிலில் இறங்குவது. இன்லைன் பம்பில் (சிலிண்டருக்கு ஒரு பிளஞ்சர் வரிசையாக உள்ளது) பிளஞ்சரும் (ஏறி இறங்கும் தண்டு) பேரலும் (அது ஓடும் உருளை) தேய்ந்தாலோ, ரோட்டரி பம்பில் (சுழன்று எல்லா சிலிண்டருக்கும் பகிர்வது) ஷாஃப்ட் சீல் போனாலோ இது வரும். வெளியே ஒரு சொட்டும் இருக்காது. டிப்ஸ்டிக்கில் மட்டம் ஏறும், ஆயில் நீர்த்து டீசல் வாடை அடிக்கும். அந்த ஆயிலோடு ஓட்டினால் பேரிங் போய்விடும்; பம்பைச் சரிசெய்ததும் ஆயிலையும் மாற்றியே ஆகவேண்டும். தனி ஆயில் உள்ள பம்பானால் அதன் மட்டத்தையும் பார்க்கவேண்டும்.

டீசல் பம்புக்கு வெளியே கசிவதைக் குறிக்கும் ‘புறக்கசிவு’ பற்றித் தகராறில்லை. ஆனால் விளக்கத்தில் ஒன்றைச் சேர்க்க வேண்டும்: நனைந்த இடமே கசிந்த இடமாக இருக்கவேண்டியதில்லை, டீசல் கீழே வழிந்துவரும். பம்பைக் கழுவித் துடைத்து, சாக்பீஸ் பொடி தூவி, சும்மா ஓடவிட்டால் முதலில் கறுக்கும் இடமே மூலம். பெரும்பாலும் டெலிவரி வால்வு ஹோல்டரின் (பம்பில் உயரழுத்தக் குழாய் மாட்டும் பாகம்) ஓ-ரிங் அல்லது வாஷர். அந்த ஹோல்டரை அளவுக்கு மீறி முறுக்கினால் பேரல் கோணி, ரேக் (டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும் தண்டு) இறுகிவிடும். உயரழுத்தக் குழாயைக் கையால் தடவிப் பார்க்கவே கூடாது. பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். அட்டைத்துண்டைக் காட்டிப் பார்க்கலாம்.

இன்ஜெக்டரிலிருந்து (எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சும் பாகம்) டாங்குக்குத் திரும்பும் டீசலுக்கு ‘மீள்கசிவு’ வேண்டாம், ‘மீள்வழிவு’ போதும். அது இயல்பானது. கசிவு என்று எழுதினால் யாராவது அதை அடைக்கப் பார்ப்பார்கள்.