ஊரடங்கு முடிந்ததும் எடுத்த ஜாலியான தீர்மானங்கள்: உங்கள் கதை என்ன?

கொரோனா ஊரடங்கு தளர்ந்த சமயத்தில் எங்கள் சொந்தபந்தம் எடுத்த தீர்மானங்களைக் கேட்டால், ஏதோ தண்டனை வாங்கி வந்தவர்கள் போல இருந்தது. சர்க்கரையை விடுகிறேன், விடியற்காலை ஐந்து மணிக்கு எழுகிறேன், தினம் ஒரு மணி நேரம் நடக்கிறேன். இத்தனை மாதம் அடைபட்டுக் கிடந்தது போதாதா என்றுதான் எனக்குத் தோன்றியது. நான் எடுத்தது வேறு மாதிரி.

பெண்களுக்கு நகரப் பேருந்தில் கட்டணம் இல்லை என்று 2021 மே மாதம் உத்தரவு வந்தது. வந்த வேகத்திலேயே இரண்டாம் அலை ஊரடங்கில் பஸ்ஸே நின்றுபோனது. மதுரையில் ஜூன் 28 அன்றுதான் மறுபடி ஓடியது. அன்றைக்கே முடிவு செய்தேன்: முடிகிறபோதெல்லாம் ஏதாவது ஒரு டவுன் பஸ்ஸில் ஏறி, கடைசி நிறுத்தம் வரை போவது. அங்கே கிடைப்பதைச் சாப்பிடுவது. அடுத்த வண்டியில் திரும்புவது. போகாவிட்டால் குற்ற உணர்ச்சி கிடையாது, கணக்கு வைப்பதும் கிடையாது.

முதலில் போனது யானைமலை அடிவாரத்து நரசிங்கம். பிறந்ததிலிருந்து ஒத்தக்கடை வழியாகப் போய்வருகிறேன், ஒருநாளும் இறங்கிப் பார்த்ததில்லை. அங்கே குடைவரைக் கோயிலில் கி.பி. 770ஆம் ஆண்டு வட்டெழுத்துக் கல்வெட்டு இருக்கிறது. பாண்டிய மன்னனின் அமைச்சர் மாறன் காரி குடையத் தொடங்கினார், முடிப்பதற்குள் இறந்துவிட்டார், தம்பி மாறன் எயினன் முடித்துவைத்தார். பாதியில் விட்ட வேலையை முடித்துக் கொடுக்கத் தம்பி இருப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள்!

கீழக்குயில்குடி இன்னும் பிடித்தது. தாமரைக் குளம், கரையில் அய்யனார் கோயில், மேலே சமணர் மலையில் தீர்த்தங்கரர் சிற்பங்கள். படியேறி மூச்சு வாங்கி உட்கார்ந்தபோது பக்கத்தில் ஒரு பாட்டியம்மா. டவுனில் பூ விற்றுவிட்டு வீடு திரும்புகிறவர், வெயில் தாழட்டும் என்று மரத்தடியில் இருந்தார். “எந்த ஊரு தாயி? என்ன விசேஷமா வந்த?” என்றார். சும்மா வந்தேன் என்றேன். “சும்மாவா?” என்று ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தார். அப்புறம் கூடையில் மிச்சமிருந்த மல்லிகையை என் தலையில் வைத்துவிட்டு, காசு வேண்டாம் என்றுவிட்டார். ஓசி பஸ்ஸில் மிச்சமாகிற காசுக்கு இப்போது தினம் இரண்டு டீ குடிக்கிறாராம். முன்பெல்லாம் மாட்டுத்தாவணியில் ஒரு டீயோடு சரி.

அழகர்கோவிலுக்குக் கிளம்பியபோது மட்டும் நாள் பார்க்க வேண்டியிருந்தது. அந்த ஆகஸ்ட் முதல் அக்டோபர் நடுப்பகுதி வரை வெள்ளி, சனி, ஞாயிறுகளில் கோயில்களில் தரிசனம் கிடையாது. ஆகவே ஒரு புதன்கிழமை போனேன். அங்கே பிரசாதம் மிளகும் சுக்கும் போட்ட நெய் தோசை, தடியாக இருக்கும். அதற்காகவே இன்னொரு தரம் போகலாம்.

சரி, நீங்கள் சொல்லுங்கள்.

சென்னையிலிருந்து ஒருவர்:
அக்கா, எனக்கு மெரினா. 2020 மார்ச்சில் மூடியதை டிசம்பர் 14 அன்றுதான் திறந்தார்கள். கடற்கரைக்குப் போனால் பலூன் சுடாமல் திரும்புவதில்லை என்று தீர்மானம் எடுத்தேன். வயது 46. முதல் நாள் போனபோது கடைக்காரர் துப்பாக்கியை எண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். “உப்புக் காத்துல துருப் பிடிச்சிருச்சு சார், குறி கொஞ்சம் எடது பக்கம் இழுக்கும்” என்றார். இன்றுவரை ஒரு பலூனைத் தவறவிட்டாலும் அதையேதான் என் பையனிடம் சொல்கிறேன்.

சிங்கப்பூரிலிருந்து ஒருவர்:
நான் இங்கே கட்டுமான வேலை. 2020 ஏப்ரலில் விடுதிக் கதவை மூடினார்கள். சிங்கப்பூர்க்காரர்களுக்கு ஜூனிலேயே கடையில் உட்கார்ந்து சாப்பிட அனுமதி வந்துவிட்டது. எங்களுக்கு அதன் பிறகும் வேலையிடம், பொழுதுபோக்கு மையம், விடுதி, அவ்வளவுதான். 2021 செப்டம்பரில் சோதனை முறையாக, தடுப்பூசி போட்டவர்களில் வாரம் 500 பேர் வரை லிட்டில் இந்தியாவுக்கு விட ஆரம்பித்தார்கள், அதுவும் ஆறு மணி நேரம்.

என் முறைக்காகக் காத்திருந்த நாளில் எடுத்த தீர்மானம் இது: வெளியே போகிற நாளில் ஒரு வேலையும் வைத்துக்கொள்வதில்லை. முன்பு ஞாயிறு என்றால் பணம் அனுப்ப வரிசை, அரிசி, பருப்பு, சிம் கார்டு என்று ஓடியே கழியும். இப்போது பணமெல்லாம் கைபேசியில் அனுப்பிவிடுகிறேன். லிட்டில் இந்தியாவின் தேக்காச் சந்தையில் ஒரு டீ, நாற்காலியில் சாய்ந்து போகிறவர் வருகிறவரை வேடிக்கை பார்ப்பது. புதுக்கோட்டைப் பக்கத்து ஆள் யாராவது மாட்டினால் இரண்டாவது டீ.

திருநெல்வேலியிலிருந்து ஒருவர்:
மதுரை அக்கா, ஆம்பிளைக்கு டிக்கெட் உண்டே! எங்களுக்கு என்ன வழி?

முதலில் எழுதியவர்:
சிங்கப்பூர் தம்பி, அந்த இரண்டாவது டீயில் ஒன்று என் கணக்கு.

திருநெல்வேலிக்காரருக்கு: என் வீட்டுக்காரரும் இதையே கேட்டார். தினம் ஒரு மணி நேரம் நடப்பேன் என்றவர் இவர்தான். நடை நின்றுபோன பிறகு என்னோடு சோழவந்தான் வந்தார். நடத்துநரிடம் காசு கொடுத்தபோது என்னை ஒரு பார்வை பார்த்தார், வைகைப் பாலம் வந்ததும் ஜன்னலோர இடம் கேட்டார். காசு கொடுத்தவர் அவர்தானே என்று விட்டுக்கொடுத்தேன். திரும்பும்போது தரவில்லை.