முன்பதிவு செய்த கையடக்க கேம் கருவி லேபிளோடு நிற்கிறது, டிஸ்பியூட் போடலாமா?

ஒருவர் தனியாக வடிவமைத்து, சிறு தொகுதிகளாகச் செய்து விற்கும் கையடக்க கேம் கருவி இது. ஆர்பி2040 சிப், சின்ன கருப்பு வெள்ளைத் திரை, உள்ளேயே லித்தியம் பேட்டரி. என்னுடையது இரண்டாவது தொகுதி. ஜனவரியிலேயே முழுப் பணமும் கட்டியாயிற்று. ஏப்ரலில் அனுப்புவதாகச் சொன்னார், அப்புறம் ஜூன் என்றார். இப்போது செப்டம்பர்.

ஆகஸ்ட் கடைசியில் டிராக்கிங் எண் வந்தது. அதோடு சரி. "லேபிள் உருவாக்கப்பட்டது" என்பதைத் தாண்டி ஒரு ஸ்கேன்கூட இல்லை.

முகவரியைச் சரிபார்த்தேன். கூரியரைக் கேட்டால், பார்சல் தங்கள் கைக்கே வரவில்லை என்கிறார்கள். தயாரிப்பாளருக்கு மெயில் போட்டேன், டிஸ்கார்டிலும் கேட்டேன். பேட்டரிக்கு யுஎன் 38.3 சோதனை அறிக்கை கேட்டு கூரியர் திருப்பி அனுப்பிவிட்டதாக ஒரு பதில் வந்தது, பிறகு மௌனம். காரணம் நம்பும்படிதான் இருக்கிறது; லித்தியம் பேட்டரியை விமானத்தில் அனுப்ப அந்தச் சோதனையில் தேறியிருக்க வேண்டும். ஆனால் கூரியர் சொல்வதோடு ஒத்துப்போகவில்லையே.

ஆள் ஏமாற்றுக்காரர் என்று தோன்றவில்லை. முதல் தொகுதி வாங்கியவர்களிடம் கருவி இருக்கிறது, போன வாரம்கூட ஃபர்ம்வேர் அப்டேட் வந்தது. (கருவியே இல்லாமல் அப்டேட் குறிப்பு படிப்பது தனி சுகம்.) அதனால்தான் தயக்கம். பொருள் வரவில்லை என்று பணத்தைத் திரும்பக் கேட்டு கார்டு வங்கியிடம் போடும் டிஸ்பியூட்டுக்கு, விசா கார்டில் பொதுவாக 120 நாள்தான், சொன்ன டெலிவரி தேதியிலிருந்து கணக்கு. ஜூன் கடைசி என்று வைத்தாலும் அக்டோபரில் முடிந்துவிடும்.

இப்படிச் சிக்கியவர்கள் சொல்லுங்கள்: டிஸ்பியூட்டை இப்போதே போடுவதா, கெடு நெருங்கும்வரை காத்திருப்பதா?