ஐபிவி6: இரண்டு ரௌட்டரில் எதை டிஃபால்ட் ரூட்டாக வைப்பது?

வணக்கம் நண்பர்களே, ஏற்காட்டில் அண்ணனின் காபித் தோட்ட அலுவலகத்தில் ஒரு ஃபைபர் லைன், அது போனால் சமாளிக்க ஒரு 4ஜி ரௌட்டர், இரண்டும் ஒரே சுவிட்சில். காற்றடித்து சில்வர் ஓக் கிளை முறிந்தால் ஃபைபர் அறுந்துவிடும், அதனால் இரண்டுமே வேண்டும்.

ஐபிவி4-இல் (பழைய இணைய முகவரி முறை) தொல்லை இல்லை. ஐபிவி6-இல் (புதிய முறை) இரண்டு ரௌட்டரும் ரௌட்டர் அட்வர்டைஸ்மென்ட் (என் வழியாக வெளியே போகலாம் என்ற அறிவிப்பு) அனுப்புவதால் லினக்ஸ் கணினியில் இரண்டு டிஃபால்ட் ரூட் (இணையத்துக்கு வெளியே போகும் வழி), இரண்டுக்கும் மெட்ரிக் (எந்த வழி முந்தும் என்று சொல்லும் எண்) 1024. ஃபைபர் லைன் தந்த முகவரியோடு கிளம்பும் பாக்கெட் சில நேரம் 4ஜி வழியாகப் போய், தங்கள் முகவரி இல்லை என்று அங்கேயே தள்ளப்படுகிறது. நேற்று சேலம் வியாபாரிக்கு மிளகு பில் அனுப்பும்போது பக்கம் பாதியில் அப்படியே நின்றுவிட்டது.

4ஜி ரௌட்டரின் பிரிஃபரன்ஸை (முன்னுரிமையை) லோ என்று வைக்கலாம் என்றால் மெனுவில் அந்த வசதியே இல்லை. கையால் ஃபைபருக்கு மெட்ரிக் 100 போட்டேன் (குறைந்த எண்தான் முந்தும்), நன்றாக ஓடியது, ஆனால் வெளியே லைன் அறுந்தாலும் ரௌட்டர் எரிந்துகொண்டே இருப்பதால் ரூட் நகர மாட்டேன் என்கிறது.

சோர்ஸ் முகவரியைப் பார்த்து ரூட்டைப் பிரிப்பதா, பிங் செய்து (லைன் உயிரோடு இருக்கிறதா என்று பார்த்து) மெட்ரிக்கை மாற்றும் ஸ்கிரிப்ட் எழுதுவதா? இப்படி இரண்டு லைன் வைத்து ஓட்டுபவர்கள் யாராவது சொல்லுங்கள், மழைக்கு முன்னால் சரிசெய்தாக வேண்டும்.